முந்நூறு யானைகள்

அச்சகத்து ஓட்டோ பதினைந்து பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டுப் போன நேரம், அஸீலா பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாழைப்பூவைப் படமாகக் கீறக் காட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வருட உழைப்பு முந்நூறு பிரதிகளாக அந்தப் பெட்டிகளில் இருந்தது. ஆனால் அதை முதலில் தொட்டுப் பார்த்தவள் அவளில்லை, தம்பியின் மனைவி நிலூபா. பின்னேரம் அஸீலா வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டி பிரித்திருந்தது. பிரித்த பெட்டிக்கு மேல் ஒரு துவாய் போர்த்தியிருந்தது.

"மதினி, முதல்லை தேத்தண்ணியைக் குடிங்கோ" என்றாள் நிலூபா.

அந்த வீட்டில் யாரும் யாரையும் தேநீர் குடிக்கச் சொல்லி வற்புறுத்துகிற வழக்கம் இல்லை. அஸீலா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் துவாயை இழுத்தாள்.

அட்டையில் ஒரு வீதி. வீதி நிறைய முக்காடு போட்ட பெண்கள், தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. வானம் முழுக்க இரத்தச் சிவப்பு. இடம் மிஞ்சிப் போனதால் வைத்ததுபோல ஒரு மூலையில் 'யானைத்துறை' என்ற தலைப்பு. பின்பக்கத்தைத் திருப்பினால், 'தொண்ணூறில் விரட்டப்பட்ட ஒரு சமூகத்தின் கண்ணீர்! அந்த வலியைச் சுமந்த ஒரு பெண்ணின் அழுகுரல்!' என்று இரண்டு ஆச்சரியக்குறிகளோடு அச்சடித்திருந்தது.

உள்ளே நானூற்று அறுபது பக்கங்கள். அவற்றில் தொண்ணூறும் இல்லை, மூட்டையும் இல்லை. நானூறு வருடத்துக்கு முந்திய ஊர்காவற்றுறை இருந்தது. ராசாவின் யானைகளைக் கப்பலில் ஏற்றும் துறை இருந்தது. ஏற்றுமுன் ஒவ்வொரு யானையையும் துணியில் படமாகக் கீறி வைக்கும் நாகமுத்து என்ற சித்திரக்காரி இருந்தாள். எந்தக் காது கிழிந்தது, எந்தக் கொம்பு குட்டை, தும்பிக்கையில் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்றெல்லாம் அவள் கீறி அனுப்பினால்தான் அக்கரையில் வியாபாரி யானையை மாற்றிவிட முடியாது. ஆயிரம் யானையை உள்ளபடி கீறியவள், ஒரேயொரு யானையைக் காப்பாற்றப் பொய்யாகக் கீறுகிறாள். அதுதான் நாவல். நாகமுத்துவும் கற்பனை, அவளுடைய தொழிலும் கற்பனை. அதை அஸீலாவே முன்னுரையில் எழுதியிருந்தாள். துறையும் காற்றும் உப்பும் மட்டும் கற்பனை இல்லை.

அந்த உப்புக்காக அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. சனிக்கிழமை விடிந்தால் தீவுப் பக்கத்து பஸ்ஸில் இருப்பாள். கடற்கரையில் காலடியால் அளப்பாள். கோயில் யானையோடு வந்த பாகனை மறித்து, யானை எத்தனை மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் நிற்கும் என்று கேட்பாள். ஒருமுறை அரும்பொருட்காட்சியகத்தில் உடைந்த சட்டியின் விளிம்புக் கோலத்தைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் நின்றாள். காவலாளிக்குச் சந்தேகம் வந்து அவள் வெளியே போகும்வரை பின்னாலேயே நின்றான். இரவல் வாங்கிய புத்தகத்தில் பழைய படம் ஏதும் இருந்தால் அதைத் தன் கொப்பியில் கீறி எடுக்காமல் திருப்பிக் கொடுக்கமாட்டாள். அப்படிச் சேர்ந்த கொப்பிகள் அலுமாரி கொள்ளாமல் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. நாற்பத்தாறு வயதில் ஒருத்திக்கு இது பைத்தியம் என்றுதான் தெருவில் பேச்சு. அவளும் மறுத்ததில்லை.

அந்தப் பைத்தியத்துக்குத்தான் இப்போது மூட்டையும் முக்காடும் போட்டு அட்டை கட்டியிருந்தார்கள். அஸீலா கைப்பையை இறக்கி வைத்தாள். தொலைபேசியை எடுத்து, புத்தகத்தை வெளியிடும் இலக்கிய வட்டத்தின் தலைவரை அழைத்தாள்.

தலைவர் தியாகராசா உரும்பிராய்க்காரர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கையெழுத்துப் பிரதியை முதலில் படித்தவரும் அவர்தான். படித்தார் என்றால், சிவப்புப் பேனையோடு படித்தார். நானூற்று அறுபது பக்கத்திலும் விட்டுப்போன ஒற்றெழுத்துகளை ஒன்று தப்பாமல் பிடித்துப் போட்டார். யானைகள் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. லண்டனில் இருக்கும் தன் பழைய மாணவர்களோடு கதைத்து, அச்சுச் செலவை ஏற்க வைத்தவரும் அவரே. அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் அஸீலாவுக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

"சேர், அட்டைக்கு நான் கீறித் தந்த யானை எங்கை?"

"அதை விடுங்கோ பிள்ளை. யானையைப் போட்டால் சனம் சின்னப்பிள்ளையளின்ரை புத்தகம் எண்டு நினைக்கும். லண்டன் ஆக்களும் கேட்டவை, ரீச்சரின்ரை அனுபவம் வரவேணுமெண்டு."

"என்ரை அனுபவம் உந்தப் புத்தகத்திலை இல்லை சேர்."

"அட்டையிலையாவது இருக்கட்டுமன். ராசா கதை எழுத எங்களிட்டை எத்தினை பேர் இருக்கினம். உங்கடை கதையை எழுத உங்களை விட்டால் ஆர் இருக்கினம், சொல்லுங்கோ பாப்பம்."

எங்களிட்டை என்று அவர் யோசிக்காமல்தான் சொன்னார். யோசித்துச் சொல்லியிருந்தால் அவளுக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் சேர்."

"கேட்டால் நீங்கள் ஓமெண்டு சொல்லமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். நல்லதைத்தான் செய்திருக்கிறன் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒழுங்கு. அழைப்பிதழும் குடுத்தாச்சு. செபநாயகம் ஐயா ஆய்வுரைக்கு வாறார். நீங்கள் வந்து ஏற்புரையிலை ரெண்டு வார்த்தை நன்றி சொன்னால் காணும்."

இரவுச் சாப்பாட்டில் தம்பி இன்ஸாப் சமாதானம் பேச வந்தான். கஸ்தூரியார் வீதியில் கொப்பி, பேனை விற்கும் கடை அவனுடையது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஆயுத இயக்கம் ஊரைவிட்டு விரட்டிய தொண்ணூறில் அவனுக்கு ஐந்து வயது. வளர்ந்ததும் படித்ததும் புத்தளத்தில். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து ஊன்றிய காலை மறுபடி யாரும் தட்டிவிடக் கூடாது என்பதுதான் அவனுடைய அரசியல், இலக்கியம் எல்லாம்.

"விடுங்கோ ராத்தா. அட்டையிலை என்ன கிடக்கு. பள்ளிவாசல்லையும் ஒருத்தர் கேட்டார், உங்கடை ராத்தா கோயில் ராசாக்களைப் பற்றி என்னத்துக்கு எழுதுறா எண்டு. இந்த அட்டையைப் பாத்தா அவருக்கும் சந்தோசம்."

"அப்ப நாகமுத்துவை ரெண்டு பக்கத்தாருக்கும் பிடிக்கேல்லை" என்றாள் அஸீலா.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. விழாவை வேணுமெண்டா நிப்பாட்டுவம்."

"ஏன் நிப்பாட்டவேணும்? என்ரை புத்தகம். நான் போய் மேடையிலை இருப்பன்." அவள் கையிலிருந்த பிட்டை மறுபடி சாப்பாட்டுக் கோப்பையில் போட்டாள். "இன்ஸாப், அழுகையைத் தேடி வாங்கிறவன் உள்ளுக்கை யானையைக் கண்டு ஏமாந்துபோவான். யானையைத் தேடுறவன் இந்த அட்டையைக் கண்டு கையாலும் தொடமாட்டான். எனக்கெண்டு ஒரு வாசகன் மிஞ்சமாட்டான். இதை இப்ப விட்டா, நான் என்னத்தை எழுதினாலும் சாகுமட்டும் அழுறவளாத்தான் இந்த ஊரிலை இருக்கவேணும்."

இன்ஸாப் தலையாட்டினான். அவனுக்கு விளங்கியது என்று அர்த்தம் இல்லை, பசித்தது, சாப்பிட்டான்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அஸீலா தம்பியின் கடைக்குப் போனாள். தை மாதம். புது வகுப்புத் தொடங்கும் காலம். கடைவாசலில் தாய்மார் நெரித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவர் கக்கத்திலும் பிரவுண் பேப்பர்ச் சுருள். இந்த ஊரில் வேதக்காரர், சைவக்காரர், சோனகர் என்று பேதமில்லாமல் எல்லா வீட்டிலும் இந்த மாதத்தில் நடக்கும் வேலை ஒன்று உண்டு. பிள்ளையின் புத்தகங்களை நிலத்தில் பரப்பி, குந்தியிருந்து, ஒவ்வொன்றாக உறை போடுவார்கள். அட்டையில் என்ன படம் இருந்தாலும் கவலையில்லை. அது உறைக்குள் போய்விடும். வெளியே தெரிவது பிள்ளையின் பெயர் மட்டும்.

அஸீலா ஒரு நிமிடம் அந்தச் சுருள்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்ஸாப், உதிலை எத்தினை சுருள் கிடக்கு?"

"ஏன் ராத்தா?"

"எல்லாத்தையும் எடு."

அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு வாடிக்கையாளர்களைப் பார்த்தான். சீசன் நேரத்தில் சரக்கை முழுக்க அள்ளிக் கொடுக்க எந்தக் கடைக்காரனுக்கும் மனம் வராது. அரைவாசியைக் கொடுத்தான். மிச்ச அரைவாசியை நிலூபா மறுநாள் வந்து அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனாள்.

நாலு பின்னேரம் வேலை நடந்தது. நிலூபா இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டுவாள். அஸீலா மடித்து, மூலை திருப்பி, செலோரேப் ஒட்டுவாள். பழைய இறப்பர்ச் செருப்பின் அடியில் ஒரு யானையைச் செதுக்கி அச்சு செய்திருந்தாள். கறுப்பு மையில் தோய்த்து ஒவ்வொரு உறையிலும் குத்தினாள். பிறகு பேனையை எடுத்து ஒவ்வொரு யானைக்கும் அதனதன் அடையாளத்தைப் போட்டாள். ஒன்றுக்குக் காது கிழிசல். ஒன்றுக்குக் கொம்பு முறிவு. ஒன்றுக்கு வால் மயிர் இல்லை. நாகமுத்து செய்ததுபோல, ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல். நிலூபா அவற்றுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினாள். மூக்குச் சப்பையாயிருந்த ஒன்றுக்குத் தன் புருசனின் பெயரை வைத்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தாள்.

"மதினி, உதுக்கு ஒரு வெள்ளைப் பேப்பர் போட்டிருக்கலாமே, வடிவாயிருக்கும். ஏன் பிரவுண் பேப்பர்?"

"கடையிலை கிடந்தது" என்றாள் அஸீலா.

அது பொய். கை மடித்துக்கொண்டிருக்க, மனம் வேறோர் இடத்தில் நின்றது. பதினொரு வயது. இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடச் சொல்லியிருந்தார்கள். உம்மா உடுப்பும் அரிசியும் கட்டினார். அஸீலா சட்டைக்குள் ஒரு புத்தகத்தைச் செருகினாள். வாப்பா பழைய புத்தகக் கடையில் எடுத்து, தன் கையால் பிரவுண் பேப்பர் உறை போட்டுக் கொடுத்த பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகம் அது. நல்லூர் ராசாக்களின் கதை, இடையிடையே கோட்டுப் படங்கள். சந்தியில் சோதனை. தோளில் துவக்கோடு நின்ற இயக்கப் பெடியனுக்குப் பதினேழு வயதிருக்கும். புத்தக உறைகளுக்குள் காசை ஒளித்துக் கொண்டுபோகிறார்கள் என்று யாரோ அவனுக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். புத்தகத்தை வாங்கி, ஒரே இழுவையில் உறையைக் கிழித்தான்.

"உள்ளுக்குச் சரித்திரம்தான் அண்ணை இருக்குது" என்றாள் அவள்.

அவன் அட்டையிலிருந்த ராசாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கிழித்த பேப்பரைக் கீழே போட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தான். புத்தளத்து முகாமில், கிடுகுக்கு ஊடாக மழை ஒழுகிய காலமெல்லாம் அஸீலா அந்தப் புத்தகத்தில் குடியிருந்தாள். விட்டுவந்த ஊரை அவளுக்கு முதலில் திருப்பிக் கொடுத்தது எந்த அரசாங்கமும் இல்லை. அந்தப் புத்தகம்தான் கொடுத்தது. இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. தியாகராசாவுக்குச் சொன்னால் அவர் அதையும் பின்னட்டையில் போட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்தது. இன்ஸாப் வான் வண்டியில் பெட்டிகளைக் கொண்டுவந்து மேடைக்குப் பக்கத்தில் மூடியபடியே அடுக்கினான். முதற்பிரதிக்கு நிலூபா மினுக்குத் தாள் சுற்றி, சிவப்பு ரிபன் கட்டியிருந்தாள். விளக்கேற்றினார்கள். எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். வரவேற்புரை நிகழ்த்தியவர் பதினான்கு பேரை வரவேற்றார். பிறகு தியாகராசா எழுந்து ரிபனை அவிழ்த்து, தாளைப் பிரித்து, புத்தகத்தைச் சபைக்குக் காட்டுவதற்காக உயர்த்தினார். உயர்த்திய கை பாதியில் நின்றது.

"பிள்ளை, இதென்ன?" என்று ஒலிவாங்கிக்குக் கேட்காமல் கேட்டார்.

"உறை, சேர்."

"எல்லாத்துக்குமோ?"

"ஓம், எல்லாத்துக்கும்."

முதற்பிரதி வாங்க நகைக்கடை முதலாளி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். படப்பிடிப்பாளர் கமராவைத் தூக்கிவிட்டார். தியாகராசாவுக்கு வேறு வழியில்லை; கொடுத்தார். பிறகு ஊர் வழக்கப்படி பெயர் சொல்லிக் கூப்பிட, வரிசையாகச் சனம் மேடையேறிப் புத்தகம் வாங்கிப் போனது. ஒவ்வொருவரும் கதிரைக்குத் திரும்பியதும் தன் யானையைப் பக்கத்து யானையோடு ஒத்துப் பார்த்தார்கள். கரவெட்டியிலிருந்து வந்திருந்த ஒரு மனுசி தன்னுடையதற்கு ஒரு கண் இல்லை என்று முறையிட்டு, அது அப்படித்தான் என்று தெரிந்ததும் மாற்றமாட்டேன் என்று மடியில் பொத்திக்கொண்டார்.

அடுத்தது ஆய்வுரை. செபநாயகம் ஐயா ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு மேடையில் ஏதாவது ஒரு நூலை ஆய்பவர். இந்த நூலின் அட்டைப் படத்தை ஒரு கிழமைக்கு முன்பே கைத்தொலைபேசியில் பெற்றிருந்தார். ஆய்வதற்கு அவருக்கு அது தாராளம்.

"முதற் பக்கத்திலிருந்து முடிவுப் பக்கம் வரை கண்ணீர்" என்று தொடங்கினார். நாற்பது நிமிடம் பேசினார். "அந்தத் தாய் தலையில் மூட்டையோடு, இடுப்பில் குழந்தையோடு நடக்கிற கட்டம் வந்தபோது என்னால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்."

திறக்காத புத்தகத்தை மூடி வைத்த மனிதரை அஸீலா அன்றுதான் முதன்முதலில் கண்டாள். சபையில் முந்நூறு பேர் இல்லாவிட்டாலும் நூற்றைம்பது பேரின் மடியில் புத்தகம் விரிந்து கிடந்தது. ஒருவர் கண்ணாடியை மாட்டி முதற் பக்கத்தைப் பார்த்தார், நடுப் பக்கத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். கரவெட்டி மனுசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். சிரிப்பு பின் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது செபநாயகம் அதைத் தேம்பல் என்று எடுத்துக்கொண்டு குரலை இன்னும் தாழ்த்தினார். தியாகராசாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. அவர் தன் மடியிலிருந்த பிரதியின் உறை மடிப்புக்குள் பெருவிரல் நகத்தை விட்டு, எடுத்து, மறுபடி விட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஏற்புரை. இந்த மேடைகளில் ஏற்புரை என்றால் எழுத்தாளர் எழுந்து எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு இருப்பது. அதற்குள் பற்றிஸ் பலகாரத் தட்டு வாசலுக்கு வந்துவிடும். பின் வரிசை எழுந்துவிடும். அன்றும் தட்டு வந்தது. ஆனால் யாரும் எழும்பவில்லை.

அஸீலா ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினாள்.

"ஐயா சொன்ன தாயை நானும் இந்தப் புத்தகத்திலை தேடிப் பாத்தன். இல்லை. இதிலை இருக்கிறது யானையள். அதுகளைக் கீறின ஒருத்தி. அவ சைவக்காரி. அவவை எழுதினது நான், சோனகத்தெரு அஸீலா. இந்த ரெண்டையும் சேத்துப் பாக்க உங்களுக்குக் கஸ்டமாயிருந்தால், அது என்ரை கஸ்டம் இல்லை."

 இன்ஸாப் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நிறுத்தவில்லை.

"தொண்ணூறு எனக்கு நடந்தது. அதை நான் எழுதுவன், எழுதாமலும் விடுவன். அது என்னோடை. எழுதினால்தான் என்னை இந்த ஊர்க்காரியா எடுப்பம் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களை அனுப்பேக்கை வீட்டை விட்டுட்டுப் போகச் சொன்னவை. கடையை விட்டுட்டுப் போகச் சொன்னவை. உம்மாவின்ரை காதிலை கிடந்ததையும் கழட்டிக் குடுத்திட்டுத்தான் போனனாங்கள். சரித்திரத்தை விட்டுட்டுப் போகச் சொல்ல ஒருத்தருக்கும் நினைவு வரேல்லை. சொல்லியிருந்தாலும் விட்டிருக்கமாட்டன். நல்லூர் ராசா உங்களுக்கு எவ்வளவு ராசாவோ, எனக்கும் அவ்வளவு ராசா. அவரின்ரை யானையிலை எனக்கும் பங்கு இருக்கு. அட்டையை மறைச்சதுக்கு நான் ஆரிட்டையும் மன்னிப்புக் கேக்கேல்லை. புத்தகத்தை வாசியுங்கோ. பிடிக்காட்டில் திட்டுங்கோ. வாசிச்சுப்போட்டுத் திட்டுங்கோ. பாவம் பாத்து மட்டும் வாசியாதேங்கோ."

நன்றி சொல்லாமலே போய்க் கதிரையில் இருந்தாள். முதலில் கை தட்டியது கரவெட்டி மனுசி. பிறகு தட்டியவர்கள் பலர், தட்டாமல் இருந்தவர்களும் பலர். செபநாயகம் தன் பைக்குள் எதையோ மிகக் கவனமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

தியாகராசா எழுந்தார். தலைவர் என்ற முறையில் முடிவுரை சொல்ல வேண்டும். அவர் ஒரு ஆசிரியரின் குரலில், அதிகாரத்தோடும் கொஞ்சம் காயத்தோடும் கேட்டார்.

"எல்லாம் சரி பிள்ளை. அட்டை பிடிக்கேல்லை எண்டால் கிழிச்சு எறிஞ்சிருக்கலாம். உப்பிடிப் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரிப் பிரவுண் பேப்பர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறியள். இதுக்குள்ளை அப்பிடி என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

அவருடைய நகம் இன்னும் செலோரேப்புக்குக் கீழேதான் இருந்தது. சபை முழுக்க அதைப் பார்த்தது.

அஸீலா இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"கிழிச்சுப் பாக்கிறதெண்டால் பாருங்கோ சேர். முந்தியும் ஒருத்தர் கிழிச்சுப் பாத்தவர். அண்டைக்கும் உள்ளுக்குச் சரித்திரம்தான் இருந்தது."

தியாகராசாவுக்கு அது முழுதாக விளங்கியிராது. ஆனால் கடைசி வரிசையில் சோனகத்தெருவிலிருந்து வந்திருந்த நாலைந்து பேர் ஒரே நேரத்தில் நிமிர்ந்ததை அவர் மேடையிலிருந்து கண்டார். இன்ஸாப்பும் தலையைத் தூக்கியிருந்தான். அவர் நகத்தை வெளியே எடுத்தார். பிரிந்த செலோரேப்பைப் பெருவிரலால் இரண்டு தரம் அழுத்தி ஒட்டினார்.